பல்லும் சொல்லும் பறிபோகலாமா?

வாய் என்பது தமிழனுக்கு இரண்டு செல்வங்களைக் காக்கும் பேழை. ஒன்று பல், மற்றொன்று சொல். ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியென்றும், நாலடியையும் குறளையும் சொல்லுக்கு உறுதியென்றும் ஒரே மூச்சில் இணைத்துப் பழமொழி செய்தான் நம் முன்னோன். பல்லைப் பேணுதலும் மொழியைப் பேணுதலும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகள் என்பதை அவன் உணர்ந்திருந்தான். அவ்விரு கூறுகளும் இற்றைநாள் ஒருசேரக் குலைந்து கிடக்கின்றன. விடிந்ததும் 'பேசுட்டை' எடுத்துப் 'பிரசு' பண்ணுகின்றான் தமிழன். பல் துலக்கினேன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பற்பொடி, பற்பசை, பற்குச்சி என்னும் தூய சொற்கள் ஈரமாகவே இருக்க, அவற்றைக் காய்ந்த சருகென ஒதுக்கிவிட்டான்.

அப் பழமொழியில் வரும் வேல் எந்த மரம் என்று படித்த இளைஞரைக் கேட்டால், பலரும் வேம்பு என்றே விடையிறுப்பர். வேல் வேறு, வேம்பு வேறு. வேல் என்பது வேலமரம். அவற்றுள்ளும் பல்லுக்கு உகந்தது நாட்டுக் கருவேல். இன்று கருவேல் என்றவுடன் நினைவுக்கு வருவதோ வெள்ளையர் காலத்தில் இந் நாட்டிற் புகுந்து, கண்மாய்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்ட சீமைக்கருவேல். வந்தேறி மரம் நிலத்தையும் கவர்ந்தது; நிலத்துக்குரிய மரத்தின் பெயரையும் கவர்ந்தது. மரத்துக்கு நேர்ந்ததே மருந்துக்கும் நேர்ந்துள்ளது. பெயர் போன வழியே பொருளும் போகும். பொருள் போன வழியே உரிமையும் போகும். இதனைப் பல்லின் வாயிலாகவே மெய்ப்பிக்கலாம்.

நோய் பிறக்கும் இடம்

உலக நலவாழ்வு அமைப்பு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களுள் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய்நோய்களால் வருந்துகின்றனர். அஃதாவது 100 பேரில் 45 பேர். அந் நோய்களுள் தலையாயவை இரண்டு: பற்சொத்தை, ஈறுநோய்.

1924ஆம் ஆண்டு இலண்டனில் கிளார்க்கு என்னும் ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்து, 'இசுட்ரெப்டோகாக்கசு மியூட்டன்சு' எனப் பெயரிட்டார். தமிழில் அதனைப் பல்லரி நுண்ணுயிரி எனலாம். அது செய்யும் கேடு இருவகைத்து. நாம் உண்ணும் இனிப்பைத் தின்று புளித்த காடியை உமிழ்வது ஒன்று. அக் காடி மிகுந்து, பல்லின் மேலுள்ள படலத்தின் பி.எச். அளவு 5.5க்குக் கீழிறங்கினால், பற்சிப்பி கரையத் தொடங்கும். அதே இனிப்பைக் கொண்டு பசைபோன்ற ஒரு பொருளை ஆக்கி, அப் பசையால் பல்லோடு ஒட்டிக்கொள்வது மற்றொன்று. அப் பசையின்மேல் பிற நுண்ணுயிரிகளும் வந்து குடியேறும். துலக்காத பல்லை நாவால் தடவும்போது கொழகொழவெனத் தட்டுப்படுவது அக் குடியிருப்பே.

எனவே, நுண்ணுயிரியைக் கொல்வது மட்டுமே மருந்து என்பது அரைகுறை அறிவு. அதனைப் பல்லில் ஒட்டவிடாமற் செய்வதும் மருந்தே. இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டு நம் முன்னோர் கையாண்ட குச்சிகளையும் காய்களையும் நோக்குதல் வேண்டும்.

குச்சிக்குள் இருக்கும் அறிவியல்

வேப்பங்குச்சியை மெல்லுவோனை நாட்டுப்புறத்தான் என எள்ளி நகையாடும் நகரத்து மேதைகள், 1996ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பல்மருத்துவ அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வை அறிவார்களா? வேப்பங்குச்சியின் நீர்ச்சாற்றை அவர்கள் வாய்வாழ் நுண்ணுயிரிகளோடு சேர்த்துப் பார்த்தனர். அச் சாறு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால், அவை ஒட்டுப்பசையை ஆக்கும் ஆற்றலைக் குறைத்தது. பற்பரப்பைப் போன்று அமைத்த பரப்பிற் சென்று பற்றிக்கொள்ளும் திறனையும் குறைத்தது. பகைவனைக் கொல்லாமலே அவன் காலூன்றும் நிலத்தை இல்லையாக்கும் போர்முறை அது. வேம்பு கசப்பால் கொல்கிறது என்று நாம் எளிதாக எண்ணியிருந்ததற்கும் மேலான நுட்பம் அக் குச்சியில் இருந்துள்ளது.

ஆலுக்கும் வேலுக்கும் உரிய பண்பு துவர்ப்பு. தானின் எனப்படும் துவர்ப்புப் பொருளே அதற்கு அடிப்படை. துவர்ப்பு, தசையிலுள்ள புரதப்பொருளோடு பிணைந்து தளர்ந்த ஈற்றை இறுக்கும்; நுண்ணுயிரிகளின் வினையையும் முடக்கும். கருவேலஞ் சாறு சேர்ந்த களிம்பைப் பெங்களூர்ப் பல்மருத்துவர்கள் ஈறுநோயாளரிடம் ஆய்ந்து 2010ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். பல்மருத்துவர்கள் பெரிதும் நம்பும் குளோரெக்சிடின் களிம்புக்கு ஒப்பத்தக்க பயன் அதில் தெரிந்தது. குளோரெக்சிடின் நெடுநாள் பயன்படுத்தினால் பல்லிற் கறையேற்றும். நாவின் சுவையுணர்வையும் திரிக்கும். கருவேலுக்கு அக் கறைக்குற்றம் காணப்படவில்லை.

கடுக்காயின் பெருமையைத் தமிழ் மருத்துவர் பல்லாற்றானும் பேசினர். அதன் நீர்ச்சாறு பல்லரி நுண்ணுயிரியின் வளர்ச்சியையும் ஒட்டும் தன்மையையும் தடுப்பதாக 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. 10 விழுக்காட்டுக் கடுக்காய்க் கரைசலால் வாய் கொப்பளித்தவர்தம் எச்சிலில், மூன்று மணிநேரம் வரையிலும் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது.

நல்லெண்ணெயை வாயிலிட்டுக் கொப்பளிக்கும் வழக்கத்தையும் சென்னைப் பல்மருத்துவர்கள் விட்டுவைக்கவில்லை. வளரிளம் பருவத்தார் 20 பேரிடம் ஆய்ந்து, பற்படலத்திலிருந்த பல்லரி நுண்ணுயிரிகள் இரண்டு கிழமைக்குள் குறைந்தமையை 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர். இருபது பேர் என்பது சிறுதொகையே. இன்னும் விரிவாக ஆய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழகத்துத் தலைநகரில், தமிழ்ப் பிள்ளைகளின் வாயில், தமிழ்ச் செக்கின் வழக்கத்தை வைத்து நிகழ்ந்த அவ்வாய்வு, எந்த மொழியில் எழுதப்பட்டது? ஆங்கிலத்தில். அதன் பயனை அறியவேண்டிய தமிழ்த் தாய்க்கு அது பூட்டிய பெட்டகம்.

புட்டிக்குள் புகுந்த ஓமம்

அயலவர் செய்வது அறிவியல், நாம் செய்வது மூடப்பழக்கம் என்று கருதுவோர் மருந்துக்கடைப் புட்டி ஒன்றைத் திருப்பிப் பார்க்கட்டும். 1879ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பெற்று, இன்றும் உலகெங்கும் விற்பனையாகும் இலிசுட்டரின் என்னும் வாய்க்கொப்பளி நீரின் உயிரான பொருள்கள் நான்கு: தைமால், யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட்டு. தைமால் என்பது ஓம எண்ணெயின் தலையாய சத்து. யூகலிப்டால் தைலமரத்தில் உள்ளது. மெந்தால் புதினா இனத்துச் செடியின் குளிர்ச்சி. நான்காவது, நீலமலைச் சாரலிலும் வளரும் ஒரு செடியின் இலையெண்ணெயில் மிகுந்திருப்பது. பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்ன பாட்டியைப் பழித்தவர்கள், பல்மருத்துவர் துளையை அடைக்கத் துத்தநாகப் பொடியோடு குழைக்கும் யூசினால் கிராம்பெண்ணெயின் சத்தே என்பதை அறிந்தால் எங்கே முகத்தை வைப்பர்?

இங்கே நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தைமால் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியர் தம் நாட்டுத் தைம் என்னும் செடியில் அப் பொருளைக் கண்டனர். தம் செடியின் பெயரையே அதற்கு இட்டனர். நம் ஓமத்தில் அப் பொருள் மிகுதியாக இருந்தும், நாம் ஆய்ந்து பெயரிடவில்லை. நாம் முந்தியிருப்பின் அஃது ஓமியம் என்றே உலக நூல்களில் வழங்கியிருக்கும். வெள்ளையன் திருடினான் என்று இங்கே ஓலமிடுதற்கு இடமில்லை. அவன் தன் வீட்டுச் செடியைத் தன் மொழியிற் படித்தான். நாம் நம் வீட்டு ஓமத்தை அஞ்சறைப்பெட்டிக்குள் உறங்கவிட்டோம்.

செயற்கைப் பொருள்களே சிறந்தன என்போர்க்கு மற்றொரு வரலாறும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி எனப் பறைசாற்றிச் சவர்க்காரத்திலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டது திரைக்குளோசான். கைகழுவும் சவர்க்காரங்களில் அதனைச் சேர்த்து விற்றலை 2016ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத்துறை தடைசெய்தது. பற்பசையில் அதனைச் சேர்த்துவந்த பெருநிறுவனமும் அந் நாட்டில் 2019ஆம் ஆண்டு அதனைக் கைவிட்டது. ஆலங்குச்சிக்கு அத்தகைய இழிநிலை எக்காலும் வந்ததில்லை.

பெயர்க்கொள்ளை

கழக நூலாகிய குறுந்தொகையில் பாலைநிலத்து மரமாக உகாய் பேசப்படுகின்றது. தமிழகத்துக் கடற்கரை உவர்நிலங்களில் அம்மரம் இன்றும் நிற்கின்றது. ஆனால், உகாய் என்றால் எத்துணைத் தமிழர்க்குத் தெரியும்? 'மிசுவாக்கு' என்றால் தெரியும். அரபு நாட்டார் வழிவழிப் பல் துலக்கும் அக் குச்சி, நம் உகாயின் வேரும் கிளையுமே. அதன் பயனை அறிந்து 1986ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பும் அதற்கு ஊக்கமளித்தது. ஈறுநோயை விளைக்கும் நுண்ணுயிரிகளைக் கொல்லும் ஆற்றல், அதன் வேரிலுள்ள, கடுகின் காரத்துக்கு உறவான ஒரு பொருளுக்கு உண்டு என்பதை 2011ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினர். அரபியரைக் குறை கூறுதற்கு இதில் ஏதுமில்லை. அவர்கள் தம் குச்சியைத் தம் சொல்லோடு சேர்த்துக் காத்தனர். உலகம் அச்சொல்லாலேயே அதனை அழைக்கின்றது. நாம் சொல்லைத் தொலைத்தோம். நம் உவர்நிலத்தில் நிற்கும் மரத்தின் குச்சியைக் கடலுக்கு அப்பாலிருந்து விலைக்கு வாங்குகின்றோம்.

கடையில் அடுக்கியுள்ள மூலிகைப் பசைகளை நோக்குக. வேம்பு அங்கே 'நீம்' ஆகிவிட்டது. கிராம்பு 'குளோவ்' ஆகிவிட்டது. ஆங்கிலம் விட்ட இடத்தை வடமொழி பிடித்துக்கொள்கின்றது. செம்முள்ளி 'வச்சிரதந்தி' ஆயிற்று. கடுக்காய் 'அரீதகி' ஆயிற்று. கடுக்காயும் நெல்லியும் தான்றியும் கூடிய முக்காய் 'திரிபலா' ஆயிற்று. உமிக்கரியையும் உப்பையும் இழிவென்று சொல்லிச் சொல்லி நம் வாயினின்று பிடுங்கிய வணிகம், இன்று அதே கரியையும் உப்பையும் குழாயிலடைத்து நமக்கே விற்கின்றது. விற்பது நம் பொருள். விலை கொடுப்பது நாம். பெயர் மட்டும் நமதன்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார் உளர். வேம்பின் வழக்கு அவர்க்கு விடைகூறும். வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப்பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்துறையும் கிரேசு என்னும் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 1994ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றன. நம் உழவர் காலங்காலமாகச் செய்துவந்த ஒன்று புதுக்கண்டுபிடிப்பு எனப்பட்டது. 1995ஆம் ஆண்டு வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வழக்காடினர். 2000ஆம் ஆண்டு அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005ஆம் ஆண்டு தள்ளப்பட்டது. ஒரு வேப்பமரத்தை மீட்கப் பத்தாண்டு! பல்லாயிரம் உழவர் கையறிவாக இருந்தது, அயலவன் படிக்கத்தக்க ஏட்டுச் சான்றாக இல்லாமற் போனதே அவ்வளவு அலைச்சலுக்கும் அடிப்படை.

அதன் பின்னர் விழித்த இந்திய அரசு, 2001ஆம் ஆண்டு மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. சித்த மருத்துவத் தமிழ் நூல்களின் முறைகளும் அதில் ஏற்றப்பட்டன. எம் மொழிகளில்? ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்தில். வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலர் படிக்க அவ்வைந்தும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அவ்வறிவை ஈன்ற தமிழில், தமிழ் மாணவன் திறந்து படிக்கத்தக்க வாயில் ஏன் இல்லை? தாய்க்குச் சோறில்லாத வீட்டில் ஐந்து விருந்தினர்க்கு இலைபோட்டது போலன்றோ இது!

நம்மவர் குற்றம்

அயலவரை மட்டும் பழித்து அமைவது தன்மானமாகாது. மூலிகை என்று எழுதி ஒட்டிவிட்டால் எதனையும் விற்கலாம் என்று திரியும் போலிகள் நம்மிடையே மலிந்துள்ளனர். புகையிலையைக் கலந்து விற்ற பற்பொடிகளையும் பற்பசைகளையும் 1992ஆம் ஆண்டு அரசே தடைசெய்ய நேர்ந்தது. செங்கற்பொடியும் மணலும் பற்சிப்பியைத் தேய்க்கும். பழமை என்பதாலேயே அவை நன்மையாகிவிடா. துளை விழுந்த பல்லை எக் குச்சியும் அடைக்காது. அதற்குப் பல்மருத்துவரிடமே செல்லவேண்டும். புளூரைடு சேர்ந்த பசை பற்சிப்பியை வலுப்படுத்தும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. அதனை வீசியெறிக என்பது அறிவுடையார் கூற்றன்று. ஆய்வுக்கு அஞ்சுவது தமிழ் மருத்துவமாகாது. ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசுவோன், அப் பெருமையை ஓராண்டு ஆய்வுக்கு உட்படுத்த ஏன் தயங்கவேண்டும்?

ஆய்வுக்கூடத் தட்டில் நுண்ணுயிரி அடங்கியதென்பது தொடக்கமே. மாந்தர் வாயில் மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கானவரிடம் ஒப்பிட்டுக் காணும் ஆய்வே முடிபு. அவ்வாய்வை நிகழ்த்தும் ஆற்றல் தமிழகத்துக்கு இல்லையா? பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகின்றது. பல்மருத்துவக் கல்லூரிகளோ மாநிலமெங்கும் உள. சித்த மருத்துவர் ஒரு கரையிலும் பல்மருத்துவர் மறு கரையிலும் நிற்க, இடையே ஆங்கிலம் என்னும் ஆறு ஓடுகின்றது. பாலம் கட்டவேண்டிய அரசு, ஆற்றின் அழகைப் பாடிக்கொண்டிருக்கின்றது.

தமிழில் மருத்துவம் சொல்ல இயலாது என்பார் வாயை அடைக்க ஒரு வெள்ளையரே போதும். 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிற் படித்தவரை மருத்துவராக்கினார். சமயம் பரப்ப வந்த ஓர் அயலார்க்குத் தமிழில் இருந்த நம்பிக்கை, தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்த பேராசிரியர்க்கு இல்லாமற்போனது நாணத்தக்கது.

செய்யவேண்டுவன

ஒன்று: தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு மூலிகைப் பற்பசை, பற்பொடி, கொப்பளி நீரின் உறையிலும், சேர்ந்துள்ள செடிகளின் பெயரும் அளவும் தமிழிற் பொறிக்கப்படல் வேண்டும். 'நீம்' என்பது தமிழெழுத்தில் எழுதிய அயற்சொல்லே. வேம்பு என்றே எழுதப்படல் வேண்டும்.

இரண்டு: ஆல், கருவேல், வேம்பு, கடுக்காய், உகாய், நாயுருவி ஆகியவற்றைச் சித்த மருத்துவரும் பல்மருத்துவரும் கூடி ஆயத் தமிழ்நாட்டரசு பொருளொதுக்கல் வேண்டும். முடிபு நம் நம்பிக்கைக்கு மாறாக வரினும் அதனைத் தமிழில் வெளியிடல் வேண்டும்.

மூன்று: மரபறிவு மின்னூலகத்தின் தமிழ்ப்பகுதி, தமிழிலேயே தமிழர்க்குத் திறந்துவிடப்படல் வேண்டும்.

நான்கு: பள்ளி நூல்களில் பல்லரி நுண்ணுயிரியைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஆலும் வேலும் இடம்பெறல் வேண்டும். மரத்தைக் காணாத பிள்ளைக்கு மரத்தைக் காட்டல் வேண்டும்.

இவை அரசு செய்யவேண்டுவன. அரசு அசையும்வரை தமிழன் வாளாவிருத்தல் வேண்டா. பிள்ளைக்குப் பல் துலக்கக் கற்பிக்கும் தாய், அவ் வேளையில் பல் என்றும், ஈறு என்றும், துலக்கு என்றும், கொப்பளி என்றும் கற்பிக்கலாம். வேலிக்கரையில் நிற்கும் கருவேலை இன்னதென்று சுட்டிக் காட்டலாம். கடைக்காரனிடம் வேப்பம்பசை என்று கேட்கலாம். அவன் விழித்தால் இரண்டாம் முறையும் அப்படியே கேட்கலாம். இதற்குக் காசு வேண்டா, சட்டம் வேண்டா, மானம் ஒன்றே வேண்டும்.

வாய் நம்முடையது. அதற்குள் எது புகவேண்டும், அதிலிருந்து எது வெளிவரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அயலானிடம் அடகு வைத்தோம். அடகை மீட்போம்; தமிழால் வாய் திறப்போம்!